திருமலைப் பொன்பல்லியைப் பதிவு செய்த வன அதிகாரி பெட்டோம்

திருப்பதி: சேஷாசலம் மலைக்காடுகளில் வாழும் பொன்னிறப் பல்லியை அறிவியல் உலகிற்கு முதன்முதலில் அறிமுகப்படுத்தியவர் கர்னல் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம். அதே மலைகளில் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் அரிய தாவரம் ஒன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

இங்கிலாந்தில் 1830 மே 11 அன்று பிறந்த பெட்டோம், சட்டத்துறையைத் தவிர்த்து ராணுவப் பணியைத் தேர்ந்தெடுத்தார். 1848இல் மதராஸ் காலாட்படையில் சேர்ந்த அவர், பின்னர் வனத்துறைக்கு மாறி ஹக் கிளெகார்னின் உதவியாளரானார். 1860 முதல் 1882 வரை மதராஸ் மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்தார்.

அலுவல் பயணங்களின்போதே தாவரங்களையும் ஊர்வனவற்றையும் சேகரித்து, இடம் குறித்துப் பதிவு செய்தார். தென்னிந்திய மரங்களைப் பற்றிய அவரது விளக்கப்பட நூல் 1869இல் வெளிவரத் தொடங்கியது. செம்மரமும் அதில் இடம்பெற்றுள்ளது.

1870இல் பொன்பல்லியை விவரித்தபோது, அதன் இருப்பிடமாகத் திருப்பதி மலையைக் குறிப்பிட்டார். அப்பகுதி அப்போது சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறியப்படாதிருந்த அப்பல்லியை, 1980களின் நடுவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்வாளர்கள் திருப்பதி மலைகளில் மீண்டும் கண்டறிந்தனர். பின்னர் தமிழகத்தின் வேலூர் மாவட்டத்திலும் அது காணப்பட்டது.

பெட்டோமின் பெயரால் 1883இல் பெயரிடப்பட்ட சைகஸ் தாவரத்தின் நிலை கவலைக்குரியது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதிக்கே உரிய இத்தாவரத்தை, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் நிலையில் உள்ளதாக வகைப்படுத்தியுள்ளது. காடுகளிலிருந்து எடுத்து அதைச் சர்வதேச அளவில் வணிகம் செய்யத் தடை உள்ளது. ஆண், பெண் தாவரங்கள் தனித்தனியானவை என்பதால், மருந்துக்காக ஆண் கூம்புகள் வெட்டப்படும்போது விதை உருவாவது தடைபடுகிறது. முளைத்த நாற்றுகளையும் காட்டுத்தீ கருக்கிவிடுகிறது.

பெட்டோம் 1911 பிப்ரவரி 23 அன்று லண்டனில் காலமானார். சித்தூர் தனி மாவட்டமாக உருவானதும் அதே ஆண்டில்தான். அவர் பதிவு செய்த மலைகளின் ஒரு பகுதி 1989இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாகவும், சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன.

ஓர் உயிரினம் குறைந்து வருகிறதா என்பதை அறிய, முன்பு அது எங்கு வாழ்ந்தது என்ற பதிவு தேவை. சேஷாசலம் மலைகளைப் பொறுத்தவரை, அத்தகைய தொடக்கப் பதிவுகளை விட்டுச் சென்றவர்களுள் பெட்டோம் முக்கியமானவர்.