மீட்சிப்பண்பில் ஒரு தமிழகப் பக்கம்

இழுத்துவிட்ட கம்பி பழைய நிலைக்குத் திரும்பும் மீட்சிப்பண்பைப் பயிலும்போது ஹூக், யங் ஆகியோரை நம் மாணவர்கள் அறிந்துகொள்கின்றனர். ஜி.என். ராமச்சந்திரனை எத்தனை பேர் அறிவர்?

1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்த அவர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சென்று, சர் சி.வி. ராமனால் இயற்பியலுக்கு ஈர்க்கப்பட்டார். பின்னர் கேம்பிரிட்ஜில், படிகங்களில் சிதறும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அவற்றின் மீட்சி மாறிலிகளைக் கணக்கிடும் முறையை ஊஸ்டருடன் இணைந்து உருவாக்கினார்.

1952-இல், ஏறத்தாழ முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதத்தை எக்ஸ் கதிர்களால் ஆராயத் தொடங்கினார். அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாதிரிகள் தந்து உதவியது. மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிய அமைப்பே அப்புரதம் என்பதை 1954, 1955 ஆண்டுகளில் கோபிநாத் கர்த்தாவுடன் நிறுவினார். இழுவிசைக்கு அது ஈடுகொடுக்கும் இரகசியம் அம்முறுக்கில் இருந்தது.

2001-இல் மறைந்த அம்மேதையை நோபல் பரிசு எட்டவில்லை. நம் பாடநூலாவது எட்டட்டும். சென்னையில் விளைந்த இவ்வறிவைத் திருவேற்காட்டு மாணவரும் உணர, மீட்சிப்பண்புப் பாடத்தில் ஒரு பத்தி போதும்.