பென்னிகுயிக்கும் பெரியாற்று அணையும்



மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் கட்டடங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. எல்லைக் கோட்டின்மேலே சுவர் எழுப்பும்போது, அடித்தளத்தை அண்டை மனைக்குள் நீட்ட இயலாது. ஆகவே சுவரின் சுமை அடித்தளத்தின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுகிறது. விழும் பக்கம் மண் மிகுதியாக அமுங்கும். மறுபக்கம் அடித்தளம் மேலெழ முயலும். சுமை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். இந்தப் பாடத்தை மாபெரும் அளவில் செய்து காட்டியவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். அவர் மறித்த பெரியாற்றின் ஒரு கிளை நம் கொச்சிக் காயலில்தான் கலக்கிறது.

1841 சனவரி 15 அன்று பூனாவில் பிறந்தார் அவர். எட்டு வயது நிரம்புமுன்னரே தந்தையும் அண்ணனும் பஞ்சாபின் சிலியான்வாலாப் போரில் ஒரே நாளில் மாண்டனர். இங்கிலாந்தில் அடிஸ்கோம் கல்லூரியில் பயின்று, 1860-இல் பொறியாளராகச் சென்னை மாகாணம் வந்தார்.

மேற்கே ஓடும் பெரியாற்றை வறண்ட வைகைக்குத் திருப்பும் எண்ணம் பழையது. இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்து இருளப்ப பிள்ளை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதனை ஆராயச் செய்தார். 1876–78 பஞ்சம் மாகாணத்தை உலுக்கிய பின், 1882-இல் திட்டத்தைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886-இல் திருவிதாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று; 1887-இல் வேலை தொடங்கியது. காட்டாற்று வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. காய்ச்சலும் வாந்திபேதியும் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயின. அவர் பின்வாங்கினாரில்லை.

அணை தாங்கும் சுமை எத்தகையது? 45 மீட்டர் ஆழ நீர், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் சுமார் 1,000 டன் விசையோடு பக்கவாட்டில் தள்ளும். சுவரின் எடை கீழ்நோக்கி அழுத்தும். இரண்டும் சேர்ந்த விசை அடித்தளத்தின் நடுவில் விழாது; கீழாற்றுப் பக்கம் நகர்ந்தே விழும். அடி அகலத்தை மூன்றாகப் பகுத்தால், அவ்விசை நடுப்பங்குக்குள் விழவேண்டும் என்பது அக்காலப் பொறியாளர் கைக்கொண்ட விதி. அதைத் தாண்டினால் நீர்ப்பக்க அடியில் இழுவிசை தோன்றும். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரைக்கு இழுவிசையைத் தாங்கும் வலு குறைவு. ஆதலால் உச்சியில் 12 அடியே அகலமுள்ள சுவர் அடியில் 138 அடியாக விரிகிறது. 176 அடி உயர அணை தன் எடையாலேயே நிலைகொள்கிறது.

1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரான்சு நாட்டின் பூசே அணை உடைந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அணையின் அடியில் கசியும் நீர் சுவரை மேல்நோக்கித் தூக்கும் என்பதைப் பழைய கணக்குகள் விட்டுவிட்டன என்று உலகம் அப்போதுதான் உணர்ந்தது. அக்குறையை ஈடுசெய்யவே 1979-க்குப் பின் பெரியாற்று அணையின் உச்சியில் கான்கிரீட் பாரம் ஏற்றினர். எஃகு வடங்களால் சுவரைப் பாறையோடு பிணைத்தனர். பின்புறம் கான்கிரீட் அணைவும் கட்டினர். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க இசைவளித்தது.

பென்னிகுயிக் பின்னர் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவரானார். 1911 மார்ச் 9 அன்று மறைந்தார். தேனிச் சீமையில் இன்றும் பிள்ளைகளுக்கு அவர் பெயரிடுகின்றனர். அவர் பிறந்த நாளில் பொங்கலிடுகின்றனர். மலைக்கு இப்பால், ஆற்றோரம் குடியிருப்போர் மழைக்காலத்தில் அஞ்சுகின்றனர். அந்த நன்றியும் மெய். இந்த அச்சமும் மெய்.

இங்குப் பயிலும் நமக்கு இவ்வழக்கில் இரு பக்கத்திலும் நண்பர் உண்டு. விடுதியில் வாதம் எழுமானால், எந்த மாநிலத்தார் என்று கேட்பதற்கு முன், இன்றைய அளவுகளின்படி சுமை எங்கே விழுகிறது என்று கேட்போம். பென்னிகுயிக் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் அதுவே.