பனிக்கடலுக்குள் ஒரு வெப்பமானி

நோர்வே நாட்டவரான பிரிட்ஜொவ் நான்சனைப் பலரும் துணிச்சல் மிக்க துருவப் பயணி என்றே அறிவர். எனக்கோ, பௌதிகவியல் செய்முறையில் பூச்சிய வழுவோடு மல்லாடும் மாணவி என்பதாலோ என்னவோ, அவருடைய வெப்பமானிகள்தாம் அதிகம் பிடித்தன.

1861 ஒக்டோபர் 10 ஆம் திகதி, இன்றைய ஒஸ்லோ நகருக்கு அருகில் பிறந்த நான்சன் விலங்கியல் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆனால் அவர் மனம் வடக்கையே நாடியது. 1888 இல் ஐவரோடு கிறீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்காகக் கடந்தார். பின்னர், பனிக்கட்டி நெருக்கினாலும் நொறுங்காமல் மேலெழும்பக்கூடிய ‘பிராம்’ என்ற கப்பலைக் கட்டுவித்து, 1893 இல் பன்னிரண்டு பேருடன் புறப்பட்டார். கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டு, நீரோட்டம் இழுக்கும் வழியே போவதுதான் திட்டம். துருவ அனுபவமுள்ள பலர் இதனை ஏற்கவில்லை.

வட துருவக் கடல் ஆழமற்றது என்றே நான்சன் நம்பியிருந்தார். இறக்கிய கயிறோ அடியைத் தொடவில்லை. கப்பலின் உருக்கு வடம் ஒன்றைப் பிரித்து, இழைகளை மீண்டும் முறுக்கி, நீண்ட கம்பியொன்றைத் தாமே செய்தார்கள், அந்தக் கடுங்குளிரில்! ஆழம் 3000 மீற்றருக்கும் அதிகம் என்று தெரிந்தது. அதைவிட வியப்பு, மேலே உறைநிலையில் இருந்த நீருக்கு அடியில், சுமார் 200 மீற்றருக்குக் கீழே, பூச்சியத்துக்குச் சற்று மேலான வெப்பநிலையில் நீர் இருந்ததுதான். அத்திலாந்திக்கிலிருந்து வந்த நீர் அது.

ஆழ்நீரின் வெப்பநிலையை மேலே கொண்டுவந்து படிப்பது இலேசான காரியமல்ல. சாதாரண வெப்பமானி வரும் வழியிலேயே மாறிவிடும். அதனால் ஆழத்தில் தலைகீழாகத் திரும்பும் வெப்பமானியைப் பயன்படுத்துவர். திரும்பியதும் இரச நிரல் ஒடுங்கிய இடத்தில் அறுந்து, அங்கிருந்த வெப்பநிலையைக் காத்துக்கொள்ளும். அப்படியும் வேலை முடியாது. அறுந்த இரசம் மேலே வந்ததும் சற்று விரிவதால் அதற்கொரு திருத்தம் வேண்டும். கண்ணாடிக் குமிழ் காலப்போக்கில் சுருங்குவதால், உருகும் பனியில் வைத்துப் பூச்சியத்தையும் மறுபடி மறுபடி சரிபார்க்க வேண்டும். ஆழ்கடலில் ஒரு நீருக்கும் இன்னொரு நீருக்கும் உள்ள வேறுபாடு சில வேளை ஒரு பாகையின் நூறில் ஒரு பங்குதான். கருவி அவ்வளவு தவறினால் முழு முடிவும் தவறிவிடும்.

1895 இல் அவர் ஒரு தோழருடன் கப்பலை விட்டுத் துருவத்தை நோக்கி நடந்ததையும், குடிசையில் மாரியைக் கழித்ததையும் பிற நூல்களில் விரிவாகப் படிக்கலாம். என்னை ஈர்த்தது வேறு. பிராமில் எடுத்த உவர்த்தன்மை அளவீடுகள் உண்மையை விட உயர்வாக இருந்தன. அவற்றை நம்பி 1902 இல் ஒரு முடிவை எழுதி வெளியிட்ட நான்சன், பின்னர் தம் அளவீடுகளையே சந்தேகித்து அதனைக் கைவிட்டார். உலகம் கொண்டாடிய பயணத்தின் எண்களை அவரே தவறென்று கூறுவதற்குப் பனியில் நடப்பதை விடத் துணிச்சல் வேண்டும் என்பது என் எண்ணம். அதே 1902 முதல் 1908 வரை கடலாராய்ச்சிக்கான மத்திய ஆய்வுகூடத்தை நடத்தி, கருவிகளைச் செம்மைப்படுத்தினார். அவர் வடிவமைத்த நீர்ச்சாடி ‘நான்சன் போத்தல்’ என்றே வழங்கியது.

முதலாம் உலகப் போரின் பின் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகளைத் தாயகம் சேர்த்தார். நாடற்ற அகதிகளுக்கு ‘நான்சன் கடவுச்சீட்டு’ கிடைக்கச் செய்தார். 1922 இல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற அவர், 1930 மே 13 இல் காலமானார்.

அவருடைய பெயர் தாங்கிய ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை நம் இலங்கைக் கடலிலும் மீன்வளத்தை ஆராய்ந்தது. அதே பெயருடைய புதிய கப்பல் 2018 இல் மீண்டும் வந்தது. இன்று இத்தகைய கப்பல்கள் மின்னணு உணரிகளையே கடலுக்குள் இறக்குகின்றன. கூடவே நீர்ச்சாடிகளும் இறங்குகின்றன, உணரி காட்டும் உவர்த்தன்மை சரிதானா என்று அந்த நீரைக் கொண்டு பார்ப்பதற்காக.