காலின் மெக்ரே: விளையாட்டுக்குப் பெயர் தந்த ராலி வீரர்

உலக ராலி போட்டியின் அதிகாரபூர்வ உரிமத்தோடு வரப்போகும் அடுத்த கணினி விளையாட்டைப் பற்றித்தான் இப்போது என் பல்கலைக்கழக நண்பர்களிடையே பேச்சு. எந்தெந்த கார்கள் இடம்பெறும், சேற்றுச் சாலை கைக்கு எப்படி இருக்கும் என்று தொடங்கும் பேச்சு, எப்படியும் ஒரு பெயரில் வந்து நிற்கும். அந்தப் பெயர் காலின் மெக்ரே. அவர் இறந்தபோது நாங்கள் நடைபழகும் குழந்தைகள். அவர் ஓட்டியதை எங்களில் யாரும் நேரடி ஒளிபரப்பில் கண்டதில்லை. ஆனாலும் ராலி என்றதும் அவர் பெயரே நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதர் யார் என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ராலி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வழக்கமான கார் பந்தயத்தில் எல்லாரும் ஒரே தடத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். ராலியில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும். காட்டு வழி, பனி, கற்சாலை, நம் செம்பனைத் தோட்டங்களில் காண்பது போன்ற செம்மண் பாதை என எல்லாவற்றையும் கடக்க வேண்டும். பல பகுதிகளில் எடுத்த நேரத்தைக் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவரை வெற்றியாளராக அறிவிப்பார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் துணை ஓட்டுநர் ஒருவர் இருப்பார். போட்டிக்கு முன்பு அதே வழியில் மெதுவாகச் சென்று எழுதிவைத்த குறிப்புகளை அவர் ஓயாமல் வாசித்துக்கொண்டே வருவார். வளைவு இடமா வலமா, எவ்வளவு கூர்மை, அடுத்த மேட்டுக்கு எத்தனை மீட்டர் என்பதெல்லாம் அதில் இருக்கும். கண்ணுக்கு எட்டாத வளைவில் ஓட்டுநர் அந்தக் குரலை நம்பித்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறார்.

மெக்ரே 1968ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் ஸ்காட்லாந்தின் லனார்க் நகரில் பிறந்தார். தந்தை ஜிம்மி மெக்ரே ஐந்து முறை பிரிட்டிஷ் ராலி வெற்றியாளர். தம்பி அலிஸ்டரும் பின்னாளில் ராலி ஓட்டுநரானார். காலின் பள்ளி வயதில் மோட்டார் சைக்கிள் போட்டிகளில் இறங்கினார். பிறகு கார்களுக்கு மாறி, 1986இல் டால்போட் சன்பீம் காரில் ராலிகளில் கலந்துகொண்டார். மறுவருடமே சுவீடன் ராலியில் உலகப் போட்டிக்குள் நுழைந்தார்.

தொடக்க ஆண்டுகளில் வேகத்துக்குக் குறைவில்லை. காரை நொறுக்குவதற்கும் குறைவில்லை. 1992இல் பின்லாந்தின் ஆயிரம் ஏரிகள் ராலியில் காரை மீண்டும் மீண்டும் உருட்டியும், எட்டாவது இடத்தில் வந்து முடித்தார். ஆனால் அவரை வெறும் துடுக்குக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சுபாரு லெகசி காரில் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். 1993இல் நியூசிலாந்தில் அவர் பெற்ற வெற்றி, உலக ராலியில் அவருக்கும் சுபாரு நிறுவனத்துக்கும் முதல் வெற்றியாக அமைந்தது.

1995ஆம் ஆண்டுதான் அவர் வாழ்க்கையின் உச்சம். அவருக்குப் போட்டி வெளியிலிருந்து வரவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை உலக வெற்றியாளரான ஸ்பெயினின் கார்லோஸ் சைன்ஸ் அவருடைய அணியிலேயே இருந்தார். சைன்ஸின் சொந்த நாடான ஸ்பெயினின் கட்டலோனியாவில் நடந்த ராலியில் மெக்ரே முன்னிலை பெற்றார். சைன்ஸுக்கு வழிவிடுமாறு அணி நிர்வாகம் உத்தரவிட்டது. மெக்ரே முதலில் அதை மதிக்காமல் ஓட்டினார். பின்னர் வேண்டுமென்றே நேரத் தண்டனை ஏற்று வெற்றியை விட்டுக்கொடுத்தார். இருவரும் தலா 70 புள்ளிகளோடு கடைசிப் போட்டியான பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலிக்கு வந்தார்கள். அங்கே மெக்ரேயின் டயர் பஞ்சராகி இரண்டு நிமிடம் போலப் பறிபோனது. ராலியில் அது பெரிய இழப்பு. ஆனால் அடுத்தடுத்த காட்டுப் பகுதிகளில் அந்த இழப்பை நொடி நொடியாக மீட்டு, துணை ஓட்டுநர் டெரெக் ரிங்கரோடு போட்டியையும் பட்டத்தையும் வென்றார். அப்போது அவருக்கு வயது 27. உலக ராலியின் மிக இளைய வெற்றியாளர் என்ற அந்தச் சாதனையை 2022இல் 22 வயது கல்லே ரொவன்பெரா முறியடிக்கும் வரை யாராலும் தொட முடியவில்லை.

1998இல் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் வெளியிட்ட ராலி விளையாட்டு அவர் பெயரையே தாங்கி வந்தது. அட்டையில் பெயரை அச்சிட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. கார் எப்படி வழுக்கும், எப்படித் திரும்பும் என்பதில் மெக்ரே ஆலோசகராக இருந்தார். அப்போதைய துணை ஓட்டுநர் நிக்கி கிரிஸ்ட் குறிப்புகளைத் தம் சொந்தக் குரலில் வாசித்தார். ராலியையே பார்த்திராத நாடுகளின் பிள்ளைகள்கூட, ஒரு குரலைக் கேட்டு வளைவைத் தீர்மானிக்கக் கற்றுக்கொண்டது அந்த விளையாட்டில்தான். பிறகு வந்த டர்ட் வரிசையும் அதன் வாரிசே.

1999இல் அவர் ஃபோர்டு அணிக்கு மாறினார். அந்த ஆண்டே புதிய ஃபோகஸ் காருக்கு முதல் வெற்றியைக் கென்யாவின் சஃபாரி ராலியில் பெற்றுத் தந்தார். சஃபாரியில் மொத்தம் மூன்று முறையும், கற்கள் நிறைந்த கிரேக்க நாட்டு அக்ரோபோலிஸ் ராலியில் ஐந்து முறையும் வென்றவர் அவர். இரண்டுமே காரை உடைக்கும் ராலிகள். காரைக் காப்பாற்றி ஓட்டத் தெரியாதவரால் அங்கே இத்தனை முறை வெல்ல முடியாது. விபத்துகளை மட்டும் தொகுத்த காணொளிகளைப் பார்த்து அவரை எடைபோடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அதே நேரம் விபத்துகளும் அவரை விடவில்லை. 2000இல் கோர்சிகாவில் கார் தலைகீழாகக் கவிழ்ந்து அவர் உள்ளே சிக்கினார். கன்ன எலும்பு முறிந்தது. சில வாரங்களிலேயே மீண்டும் ஓட்ட வந்துவிட்டார். 2001இல் ஒரு புள்ளி முன்னிலையோடு கடைசிப் போட்டிக்குச் சென்றார். ஒரு வளைவை அளவுக்கு மீறி ஒட்டித் திரும்பியதில் கார் உருண்டது. ரிச்சர்ட் பர்ன்ஸ் 44 புள்ளிகளோடு பட்டம் வென்றார், மெக்ரேக்கு 42. 2002 சஃபாரியில் அவர் பெற்ற 25ஆவது வெற்றி அன்றைய உலகச் சாதனை. நமக்கும் அது மறக்க முடியாத ஆண்டு. மலேசியாவின் கரம்ஜித் சிங் புரோட்டோன் காரில் உற்பத்திக் கார் பிரிவின் உலகப் பட்டத்தை வென்றது அந்த ஆண்டில்தான்.

உலக ராலியில் முழுநேர இடம் போன பிறகும் அவர் ஓயவில்லை. 2004இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாவதாக வந்தார். டாக்கார் பாலைவன ராலியிலும் ஓட்டினார். 2006இல் அமெரிக்காவின் எக்ஸ் கேம்ஸ் அரங்கில் தாவி இறங்கிய அவருடைய கார் உருண்டு, மீண்டும் சக்கரங்களில் நின்றது. நிறுத்தாமல் ஓட்டி முடித்தார். அரை நொடி வித்தியாசத்தில் தங்கம் கைநழுவியது.

2007 செப்டம்பர் 15ஆம் நாள், லனார்க்கில் தம் வீட்டுக்கு அருகே அவர் ஓட்டிவந்த ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. 39 வயது மெக்ரேயோடு அவருடைய 5 வயது மகனும், மகனின் 6 வயது நண்பனும், ஒரு குடும்ப நண்பரும் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுபாரு கார்கள் ஒன்றுகூடி அவருக்கு அஞ்சலி செலுத்தின. 2011இல் நீதிமன்ற விசாரணையின் முடிவு வந்தது. அவருடைய விமானி உரிமம் அப்போது செல்லுபடியாகும் நிலையில் இல்லை என்றும், ஆபத்தான பள்ளத்தாக்குக்குள் தேவையின்றித் தாழப் பறந்தார் என்றும் அது கூறியது.

இதைப் படித்தபோது அடுத்த வரிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. ரசிகர்கள் பலர் இந்தப் பகுதியைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். நான் கடக்க விரும்பவில்லை. இரண்டு சிறுவர்களின் உயிர் அதில் போயிருக்கிறது. ஒருவருடைய திறமையை மதிப்பதற்காக அவர் செய்த தவற்றை மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தவற்றைச் சொல்வதால் 1995இல் அவர் காட்டிய ஆற்றலும் குறைந்துவிடாது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அவருடைய வாழ்க்கை வரலாறு.

ராலிச் சாலையில் அவர் துணிந்து ஓட்டினார் என்றால், அதற்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது. பொதுமக்களுக்கு மூடப்பட்ட பாதை, காருக்குள் இரும்புக் கூண்டு, தலைக்கவசம், முன்கூட்டியே எழுதிய குறிப்பு, ஆபத்தைத் தெரிந்தே பக்கத்தில் அமர்ந்த துணை ஓட்டுநர். துணிச்சலுக்கு அங்கே ஓர் எல்லை வகுக்கப்பட்டிருந்தது. ஹெலிகாப்டரில் அந்த எல்லையை அவரே வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நண்பர்களே, புதிய விளையாட்டு வரட்டும், நானும் வாங்குவேன். மரத்தில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் புறப்படுவேன். ஆனால் நம்மில் பலர் கப்சாய் மோட்டாரில் கல்லூரிக்குப் போகிறோம், பின்னால் தம்பியையோ தோழியையோ ஏற்றிக்கொள்கிறோம். வேகத்தை முறுக்கும் முன்பு, பின்னால் இருப்பவர் அந்த ஆபத்துக்குச் சம்மதித்தாரா என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வோம்.