வைடால் டெஸ்ட் தெரியும்... யார் அந்த வைடால்?

காய்ச்சல் ஒரு வாரம் தாண்டினாலே வைடால் டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க. ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பலருக்கும் அது ஒரு மனிதரின் பெயர் என்பது தெரியாது.

ஃபெர்னான் விடால். நம்ம ஊர் வாயில் வைடால் ஆகிவிட்டார். 1862-ல் அல்ஜீரியாவின் கடலோர ஊரான டெல்லிஸில் பிறந்து, பாரிஸில் டாக்டராகப் பேர் வாங்கியவர்.

மூளையைக் குழப்பும் காய்ச்சல்

டைபாய்டுன்னா வெறும் வயிற்றுக் கோளாறு இல்லை. முற்றினால் மூளையையும் ஆட்டிவைக்கும். குழந்தை கண் திறந்தபடியே கிடக்கும், கூப்பிட்டால் திரும்பாது. ஏதோ முணுமுணுக்கும், போர்வையைப் பிடித்து இழுக்கும். சில குழந்தைகளுக்கு வலிப்பும் வரும். பார்க்க அப்படியே மூளைக்காய்ச்சல் மாதிரி இருக்கும்.

அன்றைக்குக் காசநோய்க் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல் என்றால் பிழைப்பது அநேகமாக இல்லை. டைபாய்டு என்றால் தேறிவர வாய்ப்பு உண்டு. பெற்றோரிடம் எதைச் சொல்வது?

தலைகீழாக யோசித்தவர்

1896-ல் வியன்னாவில் மாக்ஸ் குரூபரும் ஹெர்பர்ட் டர்ஹாமும் ஒன்றைக் காட்டினார்கள். கிருமி செலுத்தப்பட்ட விலங்கின் சீரம், அதே கிருமியைக் கட்டிகட்டியாக ஒட்டவைக்கும். அதை வைத்துக் கிருமியை அடையாளம் காணலாம். விடால் இதைத் திருப்பிப் போட்டார். கிருமி தெரிந்தது, நோய்தான் தெரியாதது. நோயாளியின் சீரத்தை டைபாய்டு கிருமியோடு கலந்தார், ஒட்டிக்கொண்டால் டைபாய்டு. அவ்வளவுதான்! காய்ச்சல் அடிக்கும்போதே ரத்தத்தில் இந்தச் சக்தி வந்துவிடுகிறது என்று கண்டதுதான் பெரிய விஷயம். யார் முதலில் என்ற சண்டையும் நடந்தது. பெயர் என்னவோ விடாலுக்கே நின்றது.

முதுகுத்தண்டு நீரில் விடை

1900-ல் சிக்கார், ராவோ என்ற சக டாக்டர்களோடு அடுத்த அடி. முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் எந்த வகை வெள்ளையணுக்கள் கூடியிருக்கின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். காசநோய் மூளைக்காய்ச்சலில் ஒரு வகை, சீழ் பிடிக்கும் மூளைக்காய்ச்சலில் வேறு வகை. டைபாய்டால் வரும் குழப்பத்திலோ அந்த நீர் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

சிறுநீரக நோயால் உடம்பு வீங்கியவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொன்னவர்களில் முக்கியமானவரும் இவர்தான். 1929-ல் பாரிஸில் காலமானார்.

இப்போதும் நம்பலாமா?

முதல் வாரத்தில் வைடால் டெஸ்ட் ஏமாற்றும். டைபாய்டு அதிகம் உள்ள நம்ம ஊரில், பழைய தொற்றாலும் பாசிட்டிவ் காட்டும். அதனால்தான் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தத்தை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ‘பிளட் கல்ச்சர்’ டெஸ்ட் கேட்கிறார்கள். காய்ச்சலோடு குழந்தை ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ எந்த ரிசல்ட்டுக்கும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. முதுகுத்தண்டு நீரைப் பார்க்க வேண்டுமா, ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்பதை அங்கேதான் முடிவு செய்ய முடியும்.