பொருளில் அறம் தேடிய குமரப்பா

பொருளீட்டும் பொருட்டுச் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நாம், அப்பொருள் வரும் வழியை எண்ணிப் பார்க்கத் தூண்டுவது ஜே. சி. குமரப்பாவின் வாழ்வு.

அன்னார் 1892 சனவரி 4-ஆம் நாள் தஞ்சையில் கிறித்தவக் குடும்பத்தில் தோன்றினார். இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசு நிதியியலை ஆராய்ந்தபோது, நம் வறுமைக்கு அந்நிய ஆட்சியின் நிதிக்கொள்கை பெருங்காரணம் எனத் தெளிந்தார். 1929-இல் காந்தியடிகளைக் கண்டு, மேனாட்டு உடை நீத்துக் கதர் அணிந்தார். 1934-இல் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் உழைத்தார்.

சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நூல்களுள் ஒன்று நிலைத்த பொருளியலைப் பற்றியது, மற்றொன்று இயேசுபிரானின் நெறியைப் பற்றியது. இரண்டையும் அவர் பிரித்துப் பார்த்ததில்லை. பிற உயிரைக் கொன்று வாழும் புலியின் பொருளியலைக் கீழ்ப்படியிலும், கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் பொருளியலை மேற்படியிலும் வைத்தார். இலாபமே குறியான முதலாளித்துவம், அயலானை நேசிக்கும் நெறியோடு பொருந்தாது என்பது அவர் துணிபு.

மலிவுச் சரக்கு ஏழைக்கும் நன்மையன்றோ எனச் சிலர் வினவலாம். அம்மலிவு தொழிலாளியின் வயிற்றைச் சுருக்கிப் பெற்றதாயின், வாங்குபவரும் அப்பழியில் பங்காளியே என்று குமரப்பா கருதினார்.

1960 சனவரி 30, காந்தியடிகள் மறைந்த அதே திங்களில் அதே நாளில், மதுரையில் அவர் மறைந்தார். கடையில் விலை கேட்கும் நாம், செய்தவருக்குக் கிடைத்த கூலியையும் கேட்கப் பழகுவோமாக.