கலீஃபா திருப்பித் தந்த ஊதியம்

அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உற்ற தோழராகவும், இஸ்லாத்தின் முதற் கலீஃபாவாகவும் விளங்கியவர்கள் ஹஸரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள். குறைஷியருள் பெயர் பெற்ற துணி வணிகர். இஸ்லாத்தைத் தழுவிய நாளில் அன்னாரிடம் 40,000 திர்ஹம் இருந்ததென வரலாற்றாசிரியர் கூறுவர். பிலால் (ரலி) போன்ற அடிமைகளை மீட்பதிலும், மார்க்கப் பணியிலும் அச்செல்வம் கரைந்தது.

ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) கலீஃபாவாகிய பின்னரும், அன்னார் துணிகளைச் சுமந்துகொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். வழியில் எதிர்ப்பட்ட உமர் (ரலி), அபூ உபைதா (ரலி) ஆகிய இருவரும் அவர்களைத் தடுத்தனர். ஆட்சிப் பொறுப்பும் வணிகமும் ஒருங்கே நடவா என்பது அவர்கள் கருத்து. குடும்பத்தார் உண்பதற்கு வழி என்ன என்று கலீஃபா கேட்டபோதுதான், பொதுநிதியிலிருந்து ஊதியம் வகுக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பாதி ஆட்டின் இறைச்சியும், உடுக்க உடையும் அதில் அடங்கும் என இப்னு ஸஅது குறிப்பிடுகிறார். ஆடை நைந்தால் அதனை ஒப்படைத்துவிட்டே புதியது பெறவேண்டும்.

ஒருமுறை அன்னாரின் துணைவியார் இனிப்புண்ண விரும்பினார். அதற்குப் பணம் இல்லை என்றார்கள் கலீஃபா. அம்மையார் அன்றாடச் செலவிலிருந்து சிறிது சிறிதாக மிச்சம் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தொகை இல்லாமலே குடும்பம் நடந்திருக்கிறதே. அவ்வாறாயின் அது தேவைக்கு மிஞ்சிய ஊதியமன்றோ என எண்ணினார்கள் கலீஃபா. மிச்சத்தைப் பைத்துல்மாலில் சேர்த்ததோடு, தம் ஊதியத்திலும் அந்த அளவைக் குறைத்துக்கொண்டார்கள். முன்பு கூடுதலாகப் பெற்றதற்கும் தம் சொந்தச் சொத்திலிருந்து ஈடு செய்தார்கள் என இப்னுல் அதீர் எழுதுகிறார்.

ஹிஜ்ரி 13இல் (கி.பி. 634) மரணப் படுக்கையில் இருந்தபோது, பதவிக்கு வந்தபின் தம் உடைமையில் எது கூடியிருக்கிறதென்று பார்த்து, அதனை அடுத்த கலீஃபாவிடம் சேர்க்குமாறு பணித்தார்கள். பெற்ற ஊதியத்திற்கு ஈடாகத் தம் நிலத்தையும் கொடுக்கச் சொன்னார்கள்.

மறைவுக்குப்பின் கணக்குப் பார்த்தபோது கண்டவை ஓர் அடிமை, நீர் இறைக்கும் ஓர் ஒட்டகம், ஒரு பழைய போர்வை. அவை வந்து சேர்ந்ததும் உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். தமக்குப் பின் வருவோர்க்கு அபூபக்கர் (ரலி) எத்துணைக் கடினமான வழியை விட்டுச் சென்றார் என்று வியந்தார்கள்.

அருகிலிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் மனம் இளகியது. அற்ப விலையுள்ள இப்பொருள்களை அக்குடும்பத்தாரிடமிருந்து பறிக்கலாமா, திருப்பியனுப்பி விடலாமே என்றார்கள். உமர் (ரலி) இசையவில்லை. மரண வேளையில் அப்பெரியார் இறக்கி வைத்த சுமையை, மீண்டும் அவர் வீட்டில் ஏற்றிவைக்கத் தாம் ஒருப்படமாட்டோம் என உறுதியாக மறுத்துவிட்டார்கள்.

இங்கே வாங்க வந்த அதிகாரி எவருமில்லை. கணக்கில் பிழையென்று சுட்டியவரும் இல்லை. பெற்றவரே கணக்கராகி, உரிமைக்கு மிஞ்சியதைத் தேடித் திருப்பினார்கள். அரசுப் பணியில் இருப்போரும், ஓய்வு பெற்றோரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தவறுதலாகக் கைக்கு வந்த தொகை, பணிக்காலம் முடிந்ததால் நமதாகிவிடாது. இறந்தவரின் கடனைத் தீர்த்த பின்னரே வாரிசுப் பங்கீடு என்பது ஷரீஅத்தின் சட்டம். அதே வேளையில், தொகையைத் திரும்பப் பெறுவோர் வசதியற்றவருக்குத் தவணை அளிப்பதும் திருமறை காட்டும் நெறியே.

பொதுப் பொருளில் பேணுதலோடு வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்புரிவானாக! ஆமீன்.